கொரீனின் முதல் வெட்டு

கோர்டி வாளின் பிடியைத் தளர்வாகப் பற்றிக்கொண்டு, அடிக்குமிழில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான். பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக நிற்கும் கைக்காப்பின் பக்கம் காதைக் கொண்டுபோனான். அலகு மெல்ல அதிர்ந்து அடங்கியது. வேறு சத்தம் இல்லை. இன்னொரு முறை அறைந்தான்.

"ஒரு டிக்கு இல்ல, ஒரு கிர்ரு இல்ல" என்றான். "யோவ் வெர்லின், எங்கேருந்துய்யா புடிக்கிற இதெல்லாம்? என் வாளுக்கு நான் குடுத்ததுல பாதி இருக்குமா இது?"

"பாதிக்கும் கம்மி" என்றாள் கொரீன். அது அவளுடைய வாள். முந்தாநாள்தான் கைக்கு வந்திருந்தது.

"சத்தமா சொல்லாத. என் பொண்டாட்டிக்கு இன்னும் என்னோட விலையே தெரியாது."

சிரித்தார்கள். கோர்டி ஒரு கண்ணை மூடி, வாளைத் துப்பாக்கிபோல நீட்டி, அலகின் விளிம்பைப் பார்த்தான். "நூல் புடிச்ச மாதிரி இருக்கு."

தொழுவத்தின் மறுகோடியில் வெர்லின் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு, வெட்டிப் பழக ஊறவைத்த பாய்ச் சுருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தான். நூல் பிடித்தது போலத்தான் இருக்கும். வியாழக்கிழமை மாலை அதை நிமிர்த்தியது அவன்தான். அந்த டிக் சத்தத்தைப் பசை ஊற்றி அடைத்ததும் அவன்தான். அது இங்கே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கொரீனுக்குத் தெரியாது.

பாய்ச் சுருளை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். சட்டையின் முன்பக்கம் முழுதும் நனைந்தது.

*

வெர்லின் ஹர்யுவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பள்ளி மாவட்டத்தின் பஸ்களைப் பழுது பார்க்கிறவன். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் அந்த வடக்குத் துண்டில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை பனி. பனி உருக உப்பு போட்ட சாலைகளில் ஓடிய பஸ்கள் ஒவ்வொன்றும் அடிவயிறு அரித்துப்போய் அவனிடம் வரும். இருபத்திரண்டு வருடமாக அவற்றின் கீழே மல்லாந்து கிடக்கிறான். பேச்சு குறைவு. தேவாலயத்தில் கடைசி வரிசை. மான் வேட்டைக் காலத்தில் மச்சான்கள் காட்டுக் குடிசைக்குக் கூப்பிடுவார்கள். போனால் சமையல் செய்வான், சுடமாட்டான். எந்த விஷயத்திலும் அவனிடம் வந்து யாரும் அபிப்பிராயம் கேட்டது கிடையாது.

வாள் விஷயம் தவிர.

பதினோரு வருடம் முன்பு, கண்காட்சி மைதானத்தின் மாட்டுத் தொழுவத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் பழைய ஐரோப்பிய வாள்வீச்சுப் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனான். பழகிக்கொண்டிருந்தது பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற கோர்டி லஃபேவும் இன்னும் நாலு பேரும். ஒரு பெரிய புத்தகத்தைத் தீவனப் பெட்டிமேல் விரித்து வைத்துக்கொண்டு, அறுநூறு வருடத்துக்கு முந்தைய படங்களைப் பார்த்துப் பார்த்துக் காலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெர்லின் நின்று பார்த்தான். அடுத்த வாரமும் போனான். ஒரு மாதம் கழித்துக் கையில் மரவாள் இருந்தது.

அவனுக்கு வீச்சு வரவில்லை. இடது தோள் பஸ்ஸுக்கு அடியில் கெட்டுப்போனது. பாதி உயரத்துக்குமேல் ஏறாது. மாதம் ஒரு முறை கூர்வாளால் பாய்ச் சுருளை வெட்டிப் பழகும் நாளில், அவன் வெட்டியது எப்போதும் ஓரம் கிழிந்து, நார் தொங்கிக்கொண்டு நிற்கும். "வெர்லின் வெட்டினானா, மாடு மேஞ்சுதா?" என்பான் கோர்டி. வெர்லினும் சிரிப்பான்.

ஆனால் வாள் பொறுக்கத் தெரிந்தது. கையில் காசில்லாததால் வந்த அறிவு அது. காசுள்ளவன் பெயருள்ள பட்டறையில் சொல்லிச் செய்து வாங்குவான். வெர்லின் மாதிரி ஆட்கள் வாங்கக்கூடிய நகல் வாள்கள் எங்கெங்கோ மொத்தமாக அடிக்கப்பட்டு வருகின்றன. பத்தில் ஏழு இரும்புத்தடி. சுவரில் மாட்டலாம், வீச முடியாது. மீதி மூன்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மொத்த எடையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பான். விரலில் வைத்தால் கைக்காப்பிலிருந்து எத்தனை விரற்கடையில் சமநிலை நிற்கிறது. அலகு நுனிக்குப் போகப்போக மெலிகிறதா, ஒரே தடிமனா. பிடிக்குள் போகிற வால் எவ்வளவு அகலம், அது முனையில் தட்டி மடிக்கப்பட்டிருக்கிறதா, வெறும் திருகாணியா. மினுக்கத்தை அவன் பார்ப்பதே இல்லை. கேட்கிறவனின் கையை வாங்கி, தன் உள்ளங்கையோடு வைத்து அளந்துகொள்வான். பிறகு இரண்டு மூன்று வாரம் ஆளைக் காணாது. ஒரு நாள் வந்து "ஒண்ணு இருக்கு" என்பான்.

தொழுவத்தில் இருந்த பதினொரு கூர்வாள்களில் ஏழு அவன் பொறுக்கியவை. ஒன்றும் சோடை போனதில்லை.

*

அந்தக் கூட்டத்தில் எழுதிவைக்காத வழக்கம் இரண்டு உண்டு.

புது வாளின் முதல் வெட்டு உடையவருக்கு. அதற்கு முன்னால் அந்த வாளால் வேறு யாரும் ஒரு புல்லைக்கூட வெட்டக் கூடாது. எல்லாரும் தங்கள் வாள்களைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நிற்பார்கள். பொறுக்கிக் கொடுத்தவர் முளையில் பாய்ச் சுருளைச் செருகிவிட்டு எதிரே நிற்பார். உடையவர் வெட்டுவார். அன்றைய சாப்பாடும் உடையவர் கொண்டுவருவார்.

இன்னொன்று, சிவப்பு டேப். அலகு வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். அதில் வெட்கம் இல்லை. ஆனால் ஒரு முறை வளைந்த இடம் மறுபடி எளிதாக வளையும். அதனால் பிடியில் சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றிவைக்க வேண்டும், இரவல் வாங்கி வெட்டுகிறவர்களுக்குத் தெரிய. வளைத்தது யாரோ அவர் தன் கையால் சுற்ற வேண்டும். கோர்டியின் வாளில் மூன்று சுற்று. "பதக்கம்" என்று சொல்லிக்கொள்வான்.

கொரீன் லாஹ்டி பதினாலாம் நம்பர் பஸ்ஸின் ஓட்டுநர். நாற்பத்து நாலு வயது. மணமுறிவுக்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டில் புதிர்ப்படம் அடுக்கிக்கொண்டிருந்ததாகவும், கடைசித் துண்டைக் காணவில்லை என்றதும் எழுந்து இங்கே வந்துவிட்டதாகவும் சொல்வாள். ஒரு வருடம் மரவாளோடு பழகினாள். இரவல் வாளால் வெட்டினாள். இலையுதிர் காலத்தில் வெர்லினிடம் வந்து கையை நீட்டினாள்.

"அளந்துக்கங்க. சின்னக் கை. கையுறையே பையன்கள் பக்கம்தான் வாங்குறேன்."

பஸ் கொட்டகையில் வெர்லினோடு அவளுக்கு ஆறு வருடப் பழக்கம். அவன் பழுது பார்த்த பஸ்ஸை ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பார்கள். அவள் தாளை வாங்கியதும் கையெழுத்துப் போட்டுவிடுவாள். "வெர்லின் பாத்தாச்சுல்ல? போதும்."

இந்தத் தடவை மூன்று வாரம் போதவில்லை. ஐந்து மாதம் ஆயிற்று. சின்னக் கைக்குப் பிடி மெல்லியதாக வேண்டும். இரண்டு கையும் வைக்க நீளமும் வேண்டும். அவளால் கொடுக்க முடிந்த விலையில் அது அநேகமாக இல்லாத பொருள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. பார்சல் பகலில் வரும், கையெழுத்திட்டு வாங்க ஆள் வேண்டும் என்பதால், டியான் வீட்டிலிருக்கும் தன் முகவரியையே கொடுத்தான். டியான் அவன் மனைவி.

வியாழக்கிழமை மதியம் வந்தது. வேலை முடிந்து வந்து, கராஜில் வைத்துப் பிரித்தான். பிரித்துப் பார்ப்பது அவன் பொறுப்புதான், அதில் தப்பில்லை. பிடியைப் பிடித்தான்.

எடை காணாமல் போயிற்று. நினைத்த இடத்தில் நுனி நின்றது. பதினோரு வருடமாக அடுத்தவர்களுக்குப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே தனக்கென்று அவன் தேடிக்கொண்டிருந்த வாள் அதுதான் என்று தெரிந்தது. கெட்ட தோள்கூடத் தடுக்கவில்லை. காற்றில் வீசினான். இன்னொரு முறை வீசினான்.

மூலையில் போன மாதத்துப் பாய்ச் சுருள் இரண்டு வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து மரத்தாங்கியில் செருகினான். கை அதைச் செய்துகொண்டிருந்தபோது மனசு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு அவன் தனக்குச் சொல்லிப் பார்த்தான். அது பொய். மனசும் அங்கேதான் இருந்தது.

வெட்டினான். சத்தமே வரவில்லை. தப்பிவிட்டது என்று நினைத்தான். பிறகு மேல்துண்டு நகர்ந்து, வழுக்கி, கீழே விழுந்தது. வெட்டுவாய் வெண்ணெயை வகிர்ந்ததுபோல இருந்தது. ஒரு நார் தொங்கவில்லை. வாழ்க்கையில் அவன் அப்படி வெட்டியதில்லை. பார்க்க யாரும் இல்லை. அதனால் இன்னொன்று வெட்டினான். அதுவும் சுத்தம். மூன்றாவது வெட்டை இடது பக்கத்திலிருந்து, தோள் ஏறாத பக்கத்திலிருந்து வீசினான். கை திரும்பியது. அலகு படுக்கையாகப் போய் மரத்தாங்கியின் காலில் அறைந்தது.

டியான் கதவைத் திறந்தாள். "என்ன சத்தம்?"

அவன் வாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நுனியிலிருந்து இரண்டு சாண் கீழே அலகு ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. கைக்காப்பு ஆடியது.

"அது அந்தக் கொரீனோடது இல்ல?"

"ஆமா."

டியான் கிட்ட வந்து மடங்கிய இடத்தைப் பார்த்தாள். "அவகிட்ட சொல்லிடு."

"சொல்றேன்."

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் வாயில் இரண்டு பைன் கட்டைகளை வைத்து, அலகை அதற்கு நடுவில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினான். அவன் கைவேலை சுத்தம்; பார்த்தால் தெரியாது. குமிழில் அறைந்தபோது கைக்காப்பு டிக்கென்றது. அந்த இடுக்கில் தண்ணீர்போல ஓடுகிற பசையைச் சொட்டுச்சொட்டாக விட்டான். காய்ந்தபின் அறைந்து பார்த்தான். சத்தம் இல்லை. அதுவரை செய்ததைக்கூடக் கைதவறுதல் என்று சொல்லிவிடலாம். இந்தப் பசையை அப்படிச் சொல்ல முடியாது. அது ஊற்றும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க ஒன்பதாம் நம்பர் பஸ்ஸுக்கு அடியில் கிடந்து வாக்கியம் சரிசெய்தான். கொரீன், ஒரு விஷயம். கொரீன், கோவிச்சுக்காத. மாலையில் கொரீன் அவன் வீட்டுக்கு வந்து வாளை வாங்கிக்கொண்டாள். உறையோடு மார்பில் அணைத்துக்கொண்டாள். "பிரிச்சுப் பாத்தீங்களா? எப்படி?" என்றாள்.

"பாத்தேன்."

"நீங்க பாத்தாச்சுல்ல? போதும்" என்றாள்.

*

"வெர்லின்! பாயப் புடிச்சுக்கிட்டு டான்ஸ் ஆடுறியா? கொண்டாய்யா" என்று கோர்டி கத்தினான்.

கொண்டுபோய் முளையில் செருகினான். எட்டுப் பேர் தங்கள் வாள்களை வைக்கோல் கட்டுகள்மேல் வைத்துவிட்டு வட்டமாக நின்றார்கள். வாயிலிருந்து ஆவி வந்தது. தீவனப் பெட்டிமேல் கொரீன் கொண்டுவந்த பெட்டி, துண்டு சுற்றி, சூடாக இருந்தது. மாவை மடித்துச் சுட்ட பேஸ்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் இறைச்சியும் கிழங்கும். விடியற்காலை எழுந்து செய்திருந்தாள். அவரவர் பெயரின் முதலெழுத்தை மாவில் கீறியிருந்தாள். வந்ததும் பெட்டியைத் திறந்து வெர்லினுடையதைக் காட்டியிருந்தாள். "ஒங்களுதுதான் இருக்கிறதுலயே பெருசு."

வெர்லின் எதிரே போய் நின்றான். இப்போது சொல்லலாம். வாய் திறந்தால் போதும். கொரீன் அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவன் தலையாட்டினான்.

வெட்டினாள். நல்ல வெட்டு. மேல்துண்டு பறந்து கோர்டியின் பூட்சில் விழுந்தது. எல்லாரும் பலகைத் தரையைக் காலால் உதைத்து ஆரவாரம் செய்தார்கள். மேற்கூரையில் புறாக்கள் கலைந்தன. கொரீன் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னொண்ணு! சூட்டோட சூடா!"

மறுபக்கத்திலிருந்து வீசினாள். மணிக்கட்டு துளி திரும்பியது. பழகுகிற யாருக்கும் திரும்பும். அவன் பொறுக்கிய அந்த வாள், வந்தபடியே இருந்திருந்தால், அதைப் பொறுத்துக்கொண்டிருக்கும். அலகு பாதிப் பாய்க்குள் நின்றது. வெளியே இழுத்தபோது அதே இடத்தில் மடங்கியிருந்தது.

கொரீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட விடு" என்றான் கோர்டி. "கை திரும்பிடுச்சு. இங்க எல்லாரும் பண்ணதுதான். ஆனா மொத நாளேன்னா, அது ரெக்கார்டு!"

கொரீனின் முகம் கழுத்து வரை சிவந்தது. அவள் கோர்டியைப் பார்க்கவில்லை. வெர்லினிடம் வந்தாள்.

"மன்னிச்சுக்கங்க வெர்லின். அஞ்சு மாசம் தேடிக் குடுத்தீங்க. அஞ்சு நிமிஷத்துல கெடுத்துட்டேன்."

வெர்லின் "இல்ல" என்றான். அந்த 'இல்ல' ஆறுதல் சொல்வதுபோலத்தான் கேட்டது.

கோர்டி ஆணியில் தொங்கிய சிவப்பு டேப்பைக் கழற்றி அவளிடம் வீசினான். "வா, பதக்கம் வாங்கினவங்க சங்கத்துக்கு."

கொரீன் வைக்கோல் கட்டில் உட்கார்ந்து, வாளை மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் டேப்பின் முனையைத் தேடினாள். குளிரில் விரல் மரத்திருந்தது. முனை கிடைத்தது. பிடியில் வைத்து அழுத்தினாள்.

"அத நான் சுத்தணும்" என்றான் வெர்லின்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"வளைச்சது நான். வியாழக்கெழம. நிமித்தி வச்சேன்."

கோர்டி அவன் முதுகில் தட்டினான். "பாருங்கய்யா! பெரிய மனுஷன். அவளுக்காகப் பழிய ஏத்துக்கிறாரு." யாரோ கைதட்டினார்கள். கொரீன்கூடச் சிரித்துவிட்டாள், கண்ணில் நீர் இருந்தது. "வேணாம் வெர்லின். நான் பண்ணது நான்தான் பண்ணேன்."

அதோடு விட்டிருக்கலாம். அவர்களே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். சும்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தால் இதுவரை அவனுக்கு இருந்த பெயரைவிடப் பெரிய பெயரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தக் கணத்தில் அதை அவன் விரும்பினான். எவ்வளவு விரும்பினான் என்பதுதான் பின்னால் அவனால் யாரிடமும், டியானிடமும், சொல்ல முடியாததாக இருந்தது.

பேனாக்கத்தியை எடுத்து விரித்தான். கொரீனின் மடியிலிருந்த வாளின்மேல் குனிந்து, கைக்காப்பின் இடுக்கில் கத்திமுனையை ஓட்டினான். காய்ந்த பசை வெள்ளையாகப் பொருக்குப்பொருக்காக அவள் பேண்ட்மேல் உதிர்ந்தது. வாளை எடுத்துக் குமிழில் அறைந்தான்.

டிக்.

மறுபடியும் அறைந்தான். டிக். போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவனே நிறுத்தினான்.

கோர்டி முதுகிலிருந்து கையை எடுத்திருந்தான். "சரிபாத்தது நான்தானேய்யா" என்றான் தாழ்ந்த குரலில். "கைக்காப்பு கழண்டு அவ கையில கிழிச்சிருந்தா?"

"ஆமா."

கொரீன் பசைத் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். எதையோ கணக்குப் போடுகிறவள்போல நெற்றி சுருங்கியிருந்தது.

"எப்படி வளைஞ்சுது?"

"பாய் வெட்டினேன். கராஜுல."

"இதால."

"இதால."

"அப்போ மொத வெட்டு என்னது இல்ல."

"இல்ல."

வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. அவள் கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"எது?"

"வெட்டு. ஒங்களுக்கு. எப்படி வந்துச்சு?"

சுமாராக வந்தது என்று சொல்லியிருக்கலாம். "நல்லா வந்துது" என்றான். "நான் வெட்டினதுலயே அதான்…"

அவள் டேப்பை அவனிடம் நீட்டினாள். அவன் சுற்றினான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சுற்று போதும். அவன் கை நிற்காமல் இரண்டு சுற்று போயிற்று. கிழித்து அழுத்தினான்.

"புதுசு வாங்கித் தர்றேன்" என்றான்.

"வேணாம். இது என்னது." வாளை வாங்கி உறையில் போட்டாள். வளைவு உறைக்குள் போகவில்லை, பாதியிலேயே நின்றது. அப்படியே அணைத்துக்கொண்டாள். "கோர்டி, இத நீ நிமித்திக் குடு. கைக்காப்ப என்ன பண்ணலாம்னும் பாத்துச் சொல்லு."

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றான் கோர்டி. வெர்லினைப் பார்த்தான். பிறகு பார்வையை மாற்றிக்கொண்டான். "சரி. பாக்கிறேன்."

அதன்பின் சாப்பிட்டார்கள். பேஸ்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கெச்சப்பா, இறைச்சிக் குழம்பா என்று எப்போதும் வருகிற சண்டை வரவில்லை. வெர்லின் நனைந்த பாய்த் துண்டுகளைப் பொறுக்கி வெளியே குவித்தான். தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை விட்டான். உள்ளே வந்தபோது பெட்டியில் ஒன்றே ஒன்று இருந்தது, அவன் எழுத்தோடு, இருக்கிறதிலேயே பெரியதாக. விட்டுவிட்டுப் போனாலும் தப்பு, எடுத்துக்கொண்டாலும் தப்பு. எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். வண்டி ஓட்டும்போது அது விலாவில் சுட்டுக்கொண்டே வந்தது.

டியான் கேட்டாள். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எப்போ?"

அவன் பூட்சின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

*

மறுநாள் திங்கட்கிழமை. நாலே முக்காலுக்குக் கொட்டகையைத் திறந்தான். பூஜ்யத்துக்கு ஆறு டிகிரி கீழே. பஸ்களின் சூடேற்றிகளைப் போட்டான். காபி போட்டான். ஒன்பதாம் நம்பருக்கு வைப்பர் மாற்றினான்.

ஐந்தே முக்காலுக்குக் கொரீன் வந்தாள். காலை வணக்கம் சொன்னாள். அவனும் சொன்னான். பதினாலாம் நம்பரில் இடது கண்ணாடி ஆடுகிறது என்றாள். அவன் ஏணியைக் கொண்டுபோய் வைத்து, இரண்டு போல்ட்டையும் முறுக்கினான். இறங்கி வந்து தாளை நீட்டினான்.

அவள் தாளை வாங்கவில்லை. கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். ஏணியில் இரண்டு படி ஏறி, கண்ணாடியைப் பிடித்து அசைத்தாள். மறுபடியும் அசைத்தாள். ஆடவில்லை. இறங்கினாள். தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஆறு பத்துக்குப் பதினாலாம் நம்பர் கிளம்பியது.

வெர்லின் ஏணியை மடக்கிச் சுவரோரம் சாத்தினான்.